சிந்தாத தண்ணீர்: ‘இனிஷியல் டி’யும் பழைய காரைத் திருத்தும் இன்பமும்

1

2009-இல் எங்கள் விடுதியில் ஒரு ஹார்ட் டிஸ்க் அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. மூன்றாம் ஆண்டு. அந்த டிஸ்க்கில் ‘இனிஷியல் டி’ என்ற ஜப்பானிய அனிமேயின் முதல் பாகம் இருந்தது. வெள்ளையும் கறுப்புமாக ஒரு பழைய கார், நள்ளிரவு மலைப்பாதையில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இறங்கும். பின்னணியில் யூரோபீட் அலறும். அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள கார்கள் பின்தங்கிப் போகும். எட்டுப் பேர் ஒரே கட்டிலில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தோம்.

அந்த எட்டுப் பேரில் ஒருவனிடம் ஆர்.எக்ஸ். 100 இருந்தது. மாமா கொடுத்த வண்டி. சீரிஸ் முடிந்த வாரமே அவன் பட்டறைக்குப் போய்விட்டான். சிலிண்டரில் போர்ட்டிங் செய்தான், பெரிய கார்புரேட்டர் போட்டான், சைலன்சரை மாற்றினான். பட்டறை அண்ணன், “தம்பி, பிரேக் ஷூ தேஞ்சிருக்கு, அதையும் பாத்துரலாமா?” என்று கேட்டார். “அடுத்த மாசம்ணா” என்றான். காசு தீர்ந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது, பாதி வழியில், பிரேக் பிடிக்கவில்லை. அவன் வலது காலில் இன்றும் ஒரு கம்பி இருக்கிறது.

பல வருடங்கள் அந்தக் கதையைத்தான் குற்றவாளியாக வைத்திருந்தேன். யாருமே சாகாத, யார் காலும் உடையாத ஒரு மலைப்பாதையை வரைந்து பையன்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். போன வருடம் மாங்காவை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அதன் பிறகு அந்தத் தீர்ப்பை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. முழுசாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. (கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

2

முதலில் வண்டி. டொயோட்டாவின் ஏ.இ. 86. 1983 முதல் 1987 வரை வந்த கார். கொரோலா லெவின், ஸ்ப்ரிண்டர் டுரெனோ என்று இரண்டு பெயர்களில் விற்றார்கள். அந்தத் தலைமுறையில் மற்ற கொரோலாக்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டன. இந்த இரண்டு மட்டும் பழைய அடித்தளத்திலேயே, பின்சக்கர இயக்கத்தோடு தங்கிவிட்டன. ஒரு வகையில் இது மிச்சப்பட்டுப்போன கார். 1,587 சி.சி. இன்ஜின், ஜப்பானில் சொல்லப்பட்ட கணக்கில் 130 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்குள். பெரிய சாகசக் காரெல்லாம் கிடையாது. ஆனால் இலேசானது, எளிமையானது, கழற்றிப் பூட்டுவதற்குத் தோதானது. பழசான பிறகு மலிவாகக் கிடைத்தது. ஜப்பானில் மலைப்பாதைப் பையன்கள் இதை வாங்கியதற்கு இவ்வளவுதான் காரணம். ‘ஹச்சி-ரோகு’ என்று கூப்பிட்டார்கள். எட்டு-ஆறு, வேறொன்றுமில்லை.

ஷூயிச்சி ஷிகெனோ 1995-இல் ‘யங் மேகஸின்’ இதழில் இந்தக் காரை வைத்து ஒரு தொடர் ஆரம்பித்தார். 2013 வரை ஓடியது, 48 தொகுதிகள். தொடர் ஆரம்பித்தபோதே அந்தக் கார் பழைய கார். கதாநாயகன் தகுமி, பள்ளி இறுதியாண்டு மாணவன், பெட்ரோல் பங்கில் பகுதிநேர வேலை. அப்பா புன்தா தோஃபு கடை நடத்துகிறார். பையன் தினமும் விடிவதற்கு முன் அகினா மலை மேல் இருக்கும் ஹோட்டலுக்குத் தோஃபு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்கி வருகிறான். உரிமம் வாங்கும் வயதுக்கு ஐந்து வருடம் முன்பிருந்தே ஓட்டுகிறான். அவனுக்கு அது வேலை. காரின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. கதவில் கடைப் பெயரும், ‘சொந்த உபயோகத்துக்கு’ என்ற எழுத்தும் இருக்கும்.

அகினா என்பது கும்மா மாகாணத்தில் இருக்கும் ஹருனா மலை. வேலை நிமித்தம் இரண்டு வருடம் ஜப்பானில் இருந்தபோது அங்கே போயிருக்கிறேன். பஸ்ஸில்தான் போனேன். இகாஹோ வெந்நீர் ஊற்று ஊரிலிருந்து ஏரி வரை ஏறும் அந்தச் சாலை, வரைந்த படத்தைவிடக் குறுகலாக இருந்தது.

3

இந்தக் கதையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது இது: கார் முக்கியமில்லை, ஓட்டுபவன்தான் முக்கியம். திறமை இருந்தால் ஓட்டை வண்டியிலும் ஜெயிக்கலாம். எங்கள் விடுதியும் அப்படித்தான் படித்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த விடுதிக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் அந்தக் கார் ஓட்டை வண்டி இல்லை. இதை ஷிகெனோ மறைக்கவும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கடை வண்டி. அடியில் எல்லாமே மாற்றப்பட்டிருக்கிறது. அந்தப் பிரதேசத்து மலைகளில் ஒரு காலத்தில் மிக வேகமாக ஓட்டிய மனிதர் புன்தா. தனக்கும் அந்த ஒரு சாலைக்கும் ஏற்ற மாதிரி வருடக்கணக்காக அந்தக் காரைத் திருத்தி வைத்திருக்கிறார். பையன் அதில் ஏறிக் கற்றுக்கொள்கிறான். தகுமியின் ‘இயற்கையான’ திறமை, இன்னொருவர் கையால் திருத்தப்பட்ட பொருளுக்குள் வளர்ந்த திறமை.

அதனால் இதை ஓட்டுநரின் கதையாகப் படிப்பதைவிட, திருத்துபவரின் கதையாகப் படிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. புன்தா செய்யும் முதல் திருத்தம் காரிலேயே இல்லை. ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி கப் ஹோல்டரில் வைக்கிறார். சிந்தாமல் ஓட்டு என்கிறார். தோஃபு உடையக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. வேகமாகப் போ என்று சொல்லவில்லை. ஆனால் சீக்கிரம் வீடு திரும்பித் தூங்க வேண்டும் என்பது பையனின் தேவை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் அவன் எடையை எப்படி நகர்த்துவது என்று கற்றுக்கொள்கிறான். பிரேக்கைத் திடீரென்று மிதித்தால் தண்ணீர் முன்னால் சிந்தும். ஸ்டியரிங்கை வெட்டினால் பக்கத்தில் சிந்தும். ஒரு காரின் சஸ்பென்ஷனை விளக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. ஒரு பேப்பர் கப் விலை.

இரண்டாவது திருத்தம் இன்னும் நுட்பமானது. ஒரு பந்தயத்தில் இன்ஜின் வெடித்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, பந்தயத்துக்காகத் தயாரிக்கப்பட்ட 20 வால்வு இன்ஜின் ஒன்றை அப்பா மாட்டிவிடுகிறார். பையன் ஓட்டிப் பார்க்கிறான். வண்டி மந்தமாக இருக்கிறது. காரணம் எளிது. அந்த இன்ஜின் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை போகும். பழைய இன்ஜினோ ஏழாயிரத்துச் சொச்சத்திலேயே முடிந்துவிடும். புது இன்ஜினுக்கு ஏற்ற மீட்டர் டேஷ்போர்டில் இல்லை. பையன் பழைய பழக்கத்தில் சீக்கிரமே கியர் மாற்றிவிடுகிறான். அப்பாவுக்கு இது தெரியும். தெரிந்தேதான் சொல்லாமல் இருக்கிறார். தன் வண்டிக்கு ஒரு குறை இருக்கிறது, அது என்ன என்று பையன் தானாகவே கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறார்.

அந்த மீட்டர் மாட்டப்படும் கட்டம்தான் முழுத்தொடரிலும் எனக்குப் பிடித்த கட்டம். அதுவரை கார் அப்பாவின் திருத்தம். அதற்குப் பிறகுதான் பையன் தன் காருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க ஆரம்பிக்கிறான். கொடுக்கப்பட்ட ஒரு பொருள் தன்னுடையதாக மாறும் நேரம் அது. வாங்கும்போது அது நடப்பதில்லை. இது சரியில்லையே என்று முதல்முறை உணரும்போது நடக்கிறது.

4

இப்போது என் புகார்கள்.

முதல் புகார், கை. 48 தொகுதிகளில் எத்தனையோ ஆயிரம் வளைவுகளை ஷிகெனோ வரைந்திருக்கிறார். டயர் புகை, எதிரே வரும் பாறைச்சுவர், ஓட்டுபவன் நெற்றியில் வியர்வை எல்லாம் உண்டு. ஸ்பேனர் பிடித்த கைகள் அதில் மிகக் கொஞ்சம். இன்ஜின் மாற்றுவது என்றால் இரண்டு மூன்று நாள் வேலை. கதை அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. அடுத்த அத்தியாயத்தில் வண்டி தயார்.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், பழைய காரைத் திருத்துவதன் இன்பம் பெரும்பாலும் அந்தத் தவிர்க்கப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. ஜப்பானில் என் குழுவின் மூத்த பொறியாளர் ஒருவரிடம் மாஸ்டா ரோட்ஸ்டர் இருந்தது. தொண்ணூறுகளின் முதல் தலைமுறை, 1.6 லிட்டர். ஏ.இ. 86 வாங்க முடியாதவர்கள் வாங்கும் வண்டி என்று சிரிப்பார். சனிக்கிழமைகளில் சைத்தாமாவில் அவர் வீட்டு வாசலில் உதவிக்குப் போவேன். உதவி என்றால் விளக்கு பிடிப்பது, போல்ட்டுகளை வரிசையாக எடுத்து வைப்பது.

ஒருமுறை சஸ்பென்ஷன் கைகளில் இருந்த ரப்பர் புஷ்களை மாற்றினோம். முப்பது வருடத் துரு. எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டும் ஒரு போல்ட் அசையவில்லை. பலம் கொடுத்தேன். தலை முறிந்து என் கையோடு வந்துவிட்டது. ஆபீஸில் தப்பு செய்தால் ஒரு கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். முறிந்த போல்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. அந்த ஒரு போல்ட்டைத் துளைபோட்டு எடுக்க மத்தியானம் முழுக்க ஆனது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்துக் கடைசி முறுக்குக் கொடுக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். கார் ஜாக்கியில் தூக்கி நிற்கிறது, சக்கரங்கள் தொங்குகின்றன. இந்த நிலையில் இறுக்கினால் ரப்பர் இந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் காரின் எடை அதை முறுக்கும். முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். கார் தன் எடையைத் தானே தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. இதை அவருக்கு ஒரு கார் கற்றுக்கொடுத்ததாம், ஆறு மாதத்தில் புஷ் கிழிந்து.

இந்த மாதிரி அறிவு ‘இனிஷியல் டி’யில் கிட்டத்தட்ட இல்லை. ராபர்ட் பிர்சிக்கின் ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ (1974) நாவலில் ஓர் இடம் வரும். நண்பரின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. பைக்கில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் கேன் தகட்டை வெட்டி இடையில் சொருகினால் சரியாகிவிடும் என்று கதைசொல்லி சொல்கிறார். நண்பருக்கு அது அவமானமாகப் படுகிறது. அந்தச் சின்னத் தகட்டிலிருந்து பிர்சிக் ஒரு தத்துவத்தையே கட்டிவிடுகிறார். ஷிகெனோவுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருந்தது. ஒரு தோஃபு கடை, ஒரு பேசாத அப்பா, ஒரு பழைய கார். பட்டறையில் நாலு பக்கம் கூடுதலாக நின்றிருக்கலாம்.

இரண்டாவது புகார், காசு. சின்னக் கடை நடத்தும் புன்தா அந்தப் பந்தய இன்ஜினை எப்படி வாங்கினார்? பிறகு ஒரு சுபாரு இம்ப்ரெசாவை எப்படி வாங்குகிறார்? கதை இதைத் தோளைக் குலுக்கித் தாண்டிவிடுகிறது. மலிவான காரின் அழகைப் பேசும் கதை, அந்த மலிவின் கணக்கை மட்டும் காட்டுவதில்லை. ஆர்.எக்ஸ். 100 நண்பனுக்குக் காசு தீர்ந்த இடம் பிரேக்கில் வந்தது. திருத்துவதில் எதை முதலில் செய்வது என்பதே பாதிப் பாடம். அதைக் காசுதான் கற்றுத்தரும்.

மூன்றாவது, பெண்கள். நத்சுகியின் கதை, பணத்துக்காக ஒரு பென்ஸ்காரரோடு பழகும் பள்ளி மாணவியின் கதை, உண்மையிலேயே கனமான விஷயம். தகுமியின் மனம் உடைவதற்கு ஒரு கருவியாக மட்டும் அது பயன்படுகிறது. அவள் பக்கத்திலிருந்து கதை பார்ப்பதே அரிது. கார்களுக்குக் கிடைத்த கவனத்தில் கொஞ்சம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

5

ஆனால் நான் பல வருடம் சுமந்த பெரிய புகார் இவை எதுவும் இல்லை. மலைப்பாதை ஆபத்தானது என்பதை இந்தக் கதை மறைத்தது என்பதுதான் அது. திரும்பப் படித்தபோது உடைந்தது அந்தப் புகார்தான்.

தொடக்கத்திலேயே ஒரு பந்தயம் வருகிறது. எதிரே நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். ஏறக்குறைய எல்லா விதத்திலும் ஏ.இ. 86-ஐ விட உயர்ந்த கார். சக்தி அதிகம், நான்கு சக்கர இயக்கம். அது எப்படித் தோற்கிறது? கனமான முன்பக்கத்தை ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி நிறுத்தி, முன் டயர்கள் சூடாகிப் பிடிப்பை இழந்து, கடைசியில் திரும்ப மறுக்கிறது. இறக்கத்தில் ஜெயிப்பது சக்தி இல்லை. எது கடைசி வளைவு வரை சூடாகாமல் மிஞ்சுகிறதோ அது ஜெயிக்கிறது. இதைக் கதை திரும்பத் திரும்ப, வெவ்வேறு கார்களை வைத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மேலே போக இன்ஜின் வேண்டும், கீழே வர பிரேக்கும் டயரும் வேண்டும்.

ஏற்காட்டில் நடந்தது அப்படியே இதுதான். டூ-ஸ்ட்ரோக் வண்டி. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் பெரிதாக வேகத்தைப் பிடிக்காது. முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஷூ ஏற்கனவே தேய்ந்தது. பத்து வளைவுகளில் சூடேறி, பதினோராவதில் கைவிட்டது. அந்தக் கதையைப் புரிந்து படித்திருந்தால் முதல் காசு பிரேக்குக்குப் போயிருக்கும். நாங்கள் பார்த்தது யூரோபீட்டை. தண்ணீர்க் கப்பை ஜோக்காக எடுத்துக்கொண்டோம். மெஸ்ஸில் சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டில் வைத்துச் சுழன்று காட்டுவோம்.

அப்படியென்றால் கதைக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. ஒரு பாடத்தை வசனத்தில் சொல்லிவிட்டு, அதற்கு நேர்மாறான ஆசையை இசையிலும் அசைவிலும் ஊட்டினால் இருபது வயதுப் பையன் எதை எடுத்துக்கொள்வான் என்பது படைப்பாளிக்குத் தெரியாததல்ல. பிழைகளுக்கு அங்கே கிடைக்கும் தண்டனை பெரும்பாலும் இன்ஜினுக்குத்தான், உடம்புக்கு அரிது. கடைசிப் பந்தயம் அதற்கு உச்சம். எதிரியும் ஏ.இ. 86, தகுமியின் இன்ஜின் மறுபடியும் வெடிக்கிறது. வெடித்த காரையே உருட்டிக்கொண்டு ஜெயிக்கிறான். கார் தன் உயிரைக் கொடுத்துப் பையனைக் காப்பாற்றுகிறது. மனதை அள்ளும் முடிவு. அதே சமயம் பொய்யான முடிவு. நிஜத்தில் வண்டி அப்படி யாருக்காகவும் சாவதில்லை.

என் தீர்ப்பு இப்போது இப்படி இருக்கிறது: கதை பாதிக் குற்றவாளி. மீதிப் பாதி, பட்டறையில் பேசாமல் நின்ற நான்.

6

கடைசியாக ஒரு வேடிக்கை. மலிவான பழைய காரைக் கொண்டாடிய இந்தக் கதை, அந்தக் காரை மலிவாக இல்லாமல் செய்துவிட்டது. இன்று நல்ல ஏ.இ. 86 சாதாரணச் சம்பளக்காரர் கைக்கு எட்டாது. அந்தக் கூடுதல் விலைக்கு ஆங்கிலம் பேசும் கார்ப் பிரியர்கள் ‘தோஃபு வரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1996-இல் நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-ஐ இன்று விலைக்குக் கேட்டுப் பாருங்கள்.

டொயோட்டாவும் திரும்பி வந்தது. 2012-இல் சுபாருவோடு சேர்ந்து புதுக் கார் செய்து ஜி.டி. 86 என்று பெயர் வைத்தது. 2021-இல் ஏ.இ. 86-க்குச் சில உதிரிபாகங்களை மறுபடியும் தயாரிப்பதாக அறிவித்தது. 2023 டோக்கியோ ஆட்டோ சலோனில் இரண்டு ஏ.இ. 86-களைத் திருத்திக் காட்டியது. ஒன்று ஹைட்ரஜனில் ஓடுவது, இன்னொன்று மின்சாரத்தில். பையன்கள் வாசலில் செய்ததை இப்போது கம்பெனியே மேடையில் செய்கிறது. எனக்கு அதில் பாதி சந்தோஷம்தான். பொருளைச் செய்தவரே அதைத் திருத்தவும் வந்துவிட்டால், வாங்கியவருக்கு என்ன வேலை மிச்சம்?

சட்டமும் இந்தக் கேள்விக்குள் வருகிறது. ஷிகெனோ தொடரை ஆரம்பித்த அதே 1995-இல்தான் ஜப்பான் வண்டித் திருத்தங்கள் மேலிருந்த விதிகளைத் தளர்த்தியது. அதற்காக எதையும் செய்யலாம் என்று இல்லை. ‘ஷாகென்’ என்ற ஆய்வு உண்டு. புதுக் காருக்கு மூன்று வருடம் கழித்து, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. தரையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் உயரம் இருக்கிறதா என்பது வரை பார்ப்பார்கள். மாற்று, ஆனால் கொண்டுவந்து காட்டு என்ற ஏற்பாடு. நம் ஊரில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. நண்பனின் காலைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தீர்ப்பின் பயம் புரிகிறது. ஆனால் தேய்ந்த பிரேக்கோடு மலை இறங்குவது அசல் வண்டியிலும் நடக்கும். கொண்டுவந்து காட்டு என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்தப் பட்டறை அண்ணனின் கேள்விக்கு எங்களிடம் வேறு பதில் இருந்திருக்கும்.

சைத்தாமா ரோட்ஸ்டரில் புஷ் மாற்றி முடித்த சாயங்காலம் ஒரு சுற்றுப் போனோம். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம், நெல் வயல்களுக்கு நடுவே சாலை. பெரிதாக எதுவும் மாறவில்லை. ஒரு பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போது முன்பு வந்த ‘டொக்’ சத்தம் வரவில்லை. அவர் ஓட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் இன்னொரு முறை அதே பாலத்தைத் தாண்டினோம். மூன்றாவது முறையும். ஒரு சத்தம் இல்லாமல் போனதைக் கேட்க மூன்று முறை போகிற இன்பத்தை வெளியிலிருப்பவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ‘இனிஷியல் டி’ விளக்கியிருக்க முடியும். அதற்கான கண் ஷிகெனோவிடம் இருந்தது.

நண்பன் இன்னும் அந்த ஆர்.எக்ஸ். 100-ஐ வைத்திருக்கிறான். கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டன. இந்தக் கட்டுரையில் அவனைப் பற்றி எழுதலாமா என்று கேட்டிருந்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு போட்டோ வந்தது. வீட்டு வாசலில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன் மேல் கழற்றிய பின்சக்கரம், கிரீஸ் அப்பிய விரல்கள். கீழே எழுதியிருந்தான்: “எழுதுடா. பிரேக் ஷூ இந்த வாட்டி நானே மாத்திட்டேன்.”